செல்லாத நோட்டும் ஒரு தட்டு அத்தோவும்

செகண்ட் லைன் பீச். பெயரில் பீச் இருக்கிறது. போய்ப் பார்த்தால் மணலும் கிடையாது, அலையும் கிடையாது. மீன்பாடி வண்டிகள், மூட்டைகள், ஹாரன் சத்தம், பழைய கட்டடங்களின் பின்புறச் சுவர்கள். பாரிமுனைக்குப் புதிதாக வருகிறவர்கள், 'கடல் எங்கே சார்?' என்று கேட்டுவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள்.

பெயர் பொய் சொல்லவில்லை. சென்னைத் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கடல் இங்கேதான் இருந்தது. இன்றைய ராஜாஜி சாலைதான் கரையை ஒட்டிய முதல் வரிசை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது இரண்டாவது வரிசை. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் ஏறி, அலையில் தூக்கித் தூக்கிப் போடப்பட்டு, நனைந்து நாராகித்தான் கரைக்கு வரவேண்டும். துறைமுகம் வந்தது. கடல் கிழக்கே நகர்ந்து போனது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்தத் தெருப் பக்கம் சாயங்காலம் போனால் ஒரு வாசனை வரும். பூண்டை எண்ணெயில் போட்டுப் பொன்னிறமாக வறுக்கிற வாசனை. மூக்கு போகிற வழியில் கால் போகட்டும். தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். வண்டி மேலே மலை மாதிரி ஆரஞ்சு நிற நூடுல்ஸ். அதுதான் அத்தோ.

சாப்பிடாதவர்களுக்காகச் செய்முறை சொல்லிவிடுகிறேன். வெந்து ஆறிய நூடுல்ஸ் ஒரு பிடி. சன்னமாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், வறுத்த வெங்காயம், வறுத்த பூண்டு. மேலே மிளகாய்த்தூள், உப்பு, கடலை மாவு, புளித் தண்ணீர், பூண்டு வறுத்த எண்ணெய் ஒரு கரண்டி. பேஜோ என்று தட்டை மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள். அதை நொறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார்கள். அடுப்பில் வைத்துக் கிளறுகிற சமாசாரம் இல்லை. (தோசைக்கல்லில் போட்டுக் கிளறும் வகையறாவும் வந்துவிட்டது. அது வேறு.) பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு போட்ட சூப். பெயர் மொய்ங்கா. அப்புறம் முட்டை மசாலா. அவித்த முட்டையை வகிர்ந்து, உள்ளே வறுத்த வெங்காயம், பூண்டு, காரம் திணித்து, புளித் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார்கள். ஒரே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் சட்டை போச்சு!

அத்தோ என்பது தமிழ் வார்த்தை இல்லை. பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் கையால் பிசைந்தது, கலந்தது. நூடுல்ஸைப் பிசைந்தால் நூடுல்ஸ் அதோக். சமோசாவைப் பிய்த்துப் பிசைந்தால் சமோசா அதோக். பேஜோவும் அங்கே உள்ளதுதான். 'பே' என்றால் பருப்பு, 'ஜோ' என்றால் பொரித்தது. நம் ஊர்ப் பருப்பு வடைக்குச் சின்னம்மா மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொய்ங்காதான் பர்மாவின் தேசிய உணவு. அங்கே அது கெளுத்தி மாதிரி மீனை வேகவைத்து, எலுமிச்சைப்புல், வாழைத்தண்டு எல்லாம் சேர்த்த கெட்டிக் குழம்பு. இடியாப்பம் மாதிரி மெல்லிய அரிசி நூடுல்ஸ் மேலே ஊற்றிக் காலை டிபனாகச் சாப்பிடுவார்கள். சென்னைக்கு வந்ததும் மொய்ங்காவிலிருந்து மீன் இறங்கிவிட்டது. அத்தோவில் போடும் இறால் பொடியும் அநேகமாக இறங்கிவிட்டது. வாழைத்தண்டு மட்டும் இறங்கவில்லை. சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்று நம் ஆள் நம்புகிற ஐட்டமாயிற்றே!

ஏதோ ஒரு சமையல்காரர் ரங்கூனுக்கு டூர் போய்க் கற்றுக்கொண்டு வந்தது இல்லை இது. இந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. பி.காம். படித்தவன் புத்தி, எங்கே போனாலும் வரவு செலவுதான் கண்ணில் படுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1852-ல் பிரிட்டிஷார் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். ஐராவதி ஆற்றின் முகத்துவாரம் முழுக்கக் காடும் சேறும். அதை வெட்டித் திருத்தினால் நெல் விளையும். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தார்கள். ஐரோப்பா கிட்டே வந்துவிட்டது. அரிசிக்கு ஏக கிராக்கி. காடு திருத்த ஆள் வேண்டும், அறுக்க ஆள் வேண்டும், மில்லில் மூட்டை தூக்க ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் பணம் வேண்டும். பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுக்க வெள்ளைக்கார பேங்க் தயாராக இல்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தயாராக இருந்தார்கள்.

1930 வாக்கில் பர்மாவில் செட்டியார் கடைகள் சுமார் 1,650. கடை என்றால் மளிகைக் கடை இல்லை, வட்டிக்கடை. அங்கே போட்டிருந்த மொத்த மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அப்போதைய பர்மா வங்கி விசாரணைக் குழு மதிப்புப் போட்டது. அந்தக் காலத்து 75 கோடி! காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் நிற்கிற பர்மா தேக்குத் தூண்கள் எல்லாம் இந்த லெட்ஜரின் லாபப் பக்கம்தான். செட்டிநாட்டு விருந்தில் கறுப்பாக, இனிப்பாக வைக்கிற கவுனி அரிசியும் அங்கேயிருந்து வந்ததுதான்.

பர்மா கதை என்றால் நமக்கு உடனே இந்தத் தேக்குத் தூண்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. தூண்கள் கொஞ்சம் பேருடையவை. கப்பலில் மேல்தட்டில் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து போனவர்கள் லட்சக்கணக்கில். தமிழர்கள், தெலுங்கர்கள், ஒரியர்கள், வங்காளிகள். மேஸ்திரி ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார், கூட்டிப் போவார். 1937 வரைக்கும் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு மாகாணம். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. தஞ்சாவூரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ரங்கூன் போவது என்பது இன்றைக்கு வேலை தேடித் திருப்பூர் போகிற மாதிரி. 1920-களின் பிற்பகுதியில் வருடத்துக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் போய் இறங்கினார்கள். பெரும்பாலோர் சில வருடம் உழைத்துவிட்டுத் திரும்புவார்கள். பலர் தங்கிவிட்டார்கள்.

1931-ம் வருட மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். பர்மாவில் இந்தியர்கள் 10,17,825 பேர். ரங்கூன் நகரத்தின் ஜனத்தொகை 4,00,415. அதில் இந்தியர்கள் 2,12,929. பாதிக்கு மேல்! பர்மியனின் தலைநகரத்தில் பர்மியன் மைனாரிட்டி. அவன் இடத்தில் நாம் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

அடுத்து உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கடன் வாங்கிய விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் செட்டியார் கைக்கு வந்தது. அவர் நிலம் வாங்குவதற்காகக் கடன் கொடுத்தவர் இல்லை. கொடுத்த பணம் நெல்வயலாகத் திரும்பி வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஆனாலும் வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்தது சுமார் 5.7 லட்சம் ஏக்கர். 1937-ல் 24 லட்சம் ஏக்கருக்கு மேல். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு நிலம். கணக்குப்படி ஒரு தப்பும் இல்லை. பத்திரம் பக்காவாக இருந்தது. ஆனால் நிலத்தை இழந்தவன் பத்திரத்தையா பார்ப்பான்? 1930-லும் 1938-லும் ரங்கூனில் கலவரம் வெடித்தது. அடி வாங்கியவர்களில் லேவாதேவிக்காரர்கள் குறைவு. துறைமுகக் கூலிகளும் பெட்டிக்கடைக்காரர்களும்தான் அதிகம்.

1941 டிசம்பர் 23. ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. காசு உள்ளவர்களுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. 'பராசக்தி' படம் ஞாபகம் இருக்கிறதா? ரங்கூனில் மூன்று அண்ணன் தம்பிகள், கிடைப்பது ஒரே ஒரு கப்பல் டிக்கெட், குணசேகரன் மட்டும் கிளம்பி வருவான். 1952-ல் தியேட்டரில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களில் பலருக்கு அது வெறும் கதை இல்லை, வீட்டுச் சமாசாரம். டிக்கெட் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். மணிப்பூர் வழியாக, அரக்கான் வழியாக, காடும் மலையுமாக நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே போனவர்கள் பத்தாயிரத்துக்குக் குறையாது. அதைப்போலப் பல மடங்கு என்று சொல்கிறவர்களும் உண்டு.

யுத்தம் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள் என்பதுதான் ஆச்சரியம். 'இவ்வளவு பட்டும் மறுபடியுமா?' என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்குக் கடையும் வீடும் அங்கேதானே இருந்தது. பிறந்ததே அங்கே என்கிற தலைமுறையும் வந்துவிட்டது. வீட்டில் தமிழ், தெருவில் பர்மீஸ். காலையில் மொய்ங்கா, மத்தியானம் சாம்பார். 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்தது. நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. செட்டியார்களின் வயல்கள் போயின. அதோடு பெரிய மூலதனத்தின் கதை அநேகமாக முடிந்தது. சின்ன ஆட்கள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

1962 மார்ச் 2. ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். சோஷலிசம் என்றார். 1963-ல் பேங்க்குகள் அரசுடைமை. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமை. பெரிய கம்பெனி மட்டும் இல்லை, மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி எல்லாம். கடை வாசலில் ராணுவ ஆள் வந்து நிற்பான். சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். நேற்று வரை உங்கள் அப்பா பெயரில் இருந்த கடைக்கு இன்றைக்கு 'மக்கள் கடை, நம்பர் இத்தனை' என்று போர்டு.

சரி, கடை போனால் போகட்டும், கையில் ரொக்கம் இருக்கிறதே என்று நினைத்தவர்களுக்கு மே 17-ம் தேதி பதில் வந்தது. 50 கியாத், 100 கியாத் நோட்டுகள் செல்லாது! 2016 நவம்பர் 8 ராத்திரி டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நமக்காவது பேங்க் வாசலில் வரிசையில் நிற்க ஒரு நாடு இருந்தது.

நே வின்னுக்கு இது ஒரு கெட்ட பழக்கமாகவே ஆகிவிட்டது. 1985-லும் நோட்டைச் செல்லாது என்றார். 1987-ல் 25, 35, 75 கியாத் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்துவிட்டு, 45, 90 என்று புது நோட்டு அடித்தார். ஏன் 45, ஏன் 90? ஒன்பதால் வகுபடும். ஒன்பது அவருக்கு ராசி! சேமிப்பை மொத்தமாக இழந்த ஜனங்கள் அடுத்த வருடமே தெருவில் இறங்க, நே வின் பதவி விலக வேண்டிவந்தது. 1964-ல் மட்டும் யாரும் தெருவில் இறங்கவில்லை. நஷ்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் 'வெளியாட்கள்' ஆயிற்றே.

கிளம்பினார்கள். வழிச்செலவுக்கு 175 கியாத்தோடு அனுப்பினார்கள் என்று சொல்கிறார்கள். சொத்துப் பத்திரத்துக்கு மதிப்பு இல்லை. நகைக்குக் கட்டுப்பாடு. மூட்டையில் துணிமணி, பாத்திரம், சாமி படம். 1960-களில் பர்மாவிலிருந்து வெளியேறிய இந்தியர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். அரசுப் பதிவுகளின்படி 1963 ஜூனிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மட்டும் சுமார் 1,44,000.

கப்பல் வந்து நின்றது எங்கே? செகண்ட் லைன் பீச்சிலிருந்து கூப்பிடு தூரத்தில். இதே துறைமுகத்திலிருந்துதான் அவர்களுடைய தாத்தாக்கள் கப்பல் ஏறிப் போனார்கள்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. முகாம் போட்டார்கள். வியாசர்பாடியில் குடியமர்த்தினார்கள். அங்கே இருக்கிற பி.வி. காலனி, அப்போது முதலமைச்சராக இருந்த பக்தவத்சலத்தின் பெயரில் வந்தது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் பர்மா காலனி என்று ஒன்று இருக்கிறதே, எல்லாம் அந்தக் காலத்துக் குடியிருப்புகள்தான். 1969-ல் ரெப்கோ பேங்க் ஆரம்பித்தார்கள். தினமும் அந்த போர்டைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் போகிறவர்கள் எத்தனை பேருக்கு அதன் விரிவு தெரியும்? 'ரிப்பாட்ரியேட்ஸ் கோ-ஆபரேட்டிவ் ஃபைனான்ஸ் அண்ட் டெவலப்மென்ட் பேங்க்'. தாயகம் திரும்பியோருக்கான கூட்டுறவு வங்கி. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக. இன்றைக்கு வீட்டுக்கடன் வாங்க யார் யாரோ படியேறுகிறார்கள்.

அதே 1969-ல்தான் பர்மா பஜாரும். பாரிமுனையிலிருந்து ராஜாஜி சாலை நடைபாதையில் வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். கப்பலில் வந்தவன், கப்பலில் வருகிற சாமானை விற்றான். நெயில் கட்டரிலிருந்து டேப் ரிக்கார்டர் வரை, 'ஃபாரின்' என்ற ஒரு வார்த்தைக்காக நம் அப்பாக்களும் சித்தப்பாக்களும் அங்கே போய் பேரம் பேசினார்கள். வாங்கிய ஜப்பான் சென்ட்டில் பாதி பாட்டில் தண்ணீர் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அடுத்து வீடியோ கேசட், அதற்கடுத்து வி.சி.டி., டி.வி.டி. 1991-க்குப் பிறகு ஃபாரின் சாமான் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. பஜாரின் கெத்து போயிற்று. கடைகள் பல கை மாறின. போர்டில் பர்மா இருக்கும், உள்ளே இருப்பவருக்கும் பர்மாவுக்கும் சம்பந்தம் இருக்காது.

சாப்பாடு விஷயம் அப்படி ஆகவில்லை. இத்தனை மாற்றத்தையும் தாண்டி அத்தோ நின்றது. ஏன்? என் கணக்கு இதுதான். கடையை எழுதிக்கொள்ளலாம், நோட்டைச் செல்லாது என்று சொல்லலாம், நகையைத் துறைமுகத்தில் கழற்றி வாங்கிக்கொள்ளலாம். பூண்டு எந்த நிறத்துக்கு வந்ததும் எண்ணெயிலிருந்து எடுக்க வேண்டும் என்பதை எந்த சுங்க அதிகாரி பறிமுதல் செய்ய முடியும்? அதுவும் இது குறைந்த முதலில் நடக்கிற தொழில். கோஸும் வெங்காயமும் கொத்தவால் சாவடியில் அள்ளலாம், பக்கத்திலேயே இருந்தது. கறி இல்லாமலும் ருசி வரும். ஆரம்பத்தில் சாப்பிட வந்தவர்களும் அவர்கள் ஆட்களேதான். பஜாரில் கடை வைத்தவனுக்குப் பழைய ஊர் நாக்கு. பிறகு துறைமுகத் தொழிலாளிகள், பேங்க் குமாஸ்தாக்கள், கோர்ட்டுக்கு வந்தவர்கள், காலேஜ் பசங்கள்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்துவது உண்டு. இப்போது பெரிய ஓட்டல்களில் 'பர்மீஸ் நூடுல்ஸ் சாலட்' என்று பீங்கான் தட்டில் வைத்து, சர்வீஸ் சார்ஜ் போட்டு வாங்குகிறார்கள். வாங்கட்டும். ஆனால் மெனுவில் அதை ஏதோ செஃப் கண்டுபிடித்த கலவை மாதிரி எழுதுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் கோபம் வருகிறது.

சாப்பிட்டுவிட்டு உடனே ரயிலைப் பிடிக்காதீர்கள். கொஞ்சம் நடந்தால் ஜீரணம் ஆகும். செகண்ட் லைன் பீச்சிலிருந்து மேற்கே திரும்பி, தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெருவெல்லாம் தாண்டி மண்ணடிப் பக்கம் போனால் பவழக்காரத் தெரு. ஒரு காலத்தில் பவழம் விற்ற யூத வியாபாரிகள் இருந்த தெரு. அவர்கள் போன பிறகு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வந்தார்கள். ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கி வைத்திருந்த அதே சமூகத்தின் சென்னை விலாசம். கடன் கொடுத்தவர்களின் தெருவுக்கும், கூலியாகப் போனவர்களின் பேரன்கள் தட்டு கழுவுகிற தெருவுக்கும் நடுவில் பொடிநடையாக நடந்தாலும் கால் மணி நேரம்தான். இன்னும் கொஞ்சம் போனால் சௌகார்பேட்டை. அங்கே கச்சோரியும் ஜிலேபியும். அது ராஜஸ்தான், குஜராத்திலிருந்து வந்தவர்களின் கதை. அதற்கு வயிற்றில் இன்னொரு நாள் இடம் வைத்துக்கொண்டு வாருங்கள்.

சென்னைக்கு வந்து பிடிக்காமல் திரும்பப் போக முயன்றவர்களும் இருந்தார்கள். இங்கே வேலை கிடைக்கவில்லை, சொந்தக்காரர்களும் சேர்த்துக்கொள்ளவில்லை. வெயில் வேறு. 'பர்மாவுக்கே போயிடலாம்' என்று ரயிலேறி, மணிப்பூர் எல்லை வரை போய்விட்டார்கள். அந்தப் பக்கம் விடவில்லை. இந்தப் பக்கம் திரும்பி வரவும் மனசில்லை. எல்லையிலேயே, மோரே என்ற ஊரில் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள், இட்லிக் கடை போட்டார்கள்.

எல்லை தாண்டிய சாப்பாடு ஒருவழிப் பாதையில் மட்டும் போகவில்லை. ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், தெருக்கடைகளில் 'தோஷே' என்று ஒன்று விற்கிறார்கள். தோசைக்கல்லில் மாவை ஊற்றித் தேய்த்து, மொறுமொறுப்பாக மடித்துக் கொடுக்கிறார்கள். பரோட்டாவுக்கு அங்கே 'பலாட்டா'. கடைக்காரரிடம் கேட்டால் அதெல்லாம் பர்மாச் சாப்பாடுதான் என்பார்.